உப்பளக் கரையில் ஒரு சிமிழ் களிம்பு

(பங்கின் பொன்விழாவையொட்டி மாதர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

பொன்விழா மேடையில் பேசுவதற்குப் பெரிய பொருள்கள் எத்தனையோ உண்டு. கோயில் எழும்பிய வரலாற்றைப் பேசலாம்; பள்ளிக்கூடம் வளர்ந்த கதையைப் பேசலாம். அவற்றையெல்லாம் அறிந்தவர்கள் இம்மலரில் எழுதியிருக்கிறார்கள். நாங்களோ நம்முடைய குதிகாலைப் பற்றியும், உள்ளங்கையைப் பற்றியும், தெருவோரச் சாக்கடையைப் பற்றியும் பேச வந்திருக்கிறோம். இவை மூன்றுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. சற்றே பொறுமையாகக் கேட்க வேண்டுகிறோம்.

2016-ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் ஆணையால், பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்கில் பெண்களும் அமரலாம் என்று ஆயிற்று. அதன்பின் ஓர் ஆண்டு, நம் பங்கில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் அளத்தில் வேலை செய்யும் தாய் ஒருவரும் இருந்தார். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தக் கூட்டத்திலேதான் அமர்ந்திருக்கிறார். செய்தி சொல்லப் போன எங்களிடம் அவர் சொன்ன பதில் இதுதான்: "என் காலை எப்படிம்மா சாமி கையிலே குடுக்கறது? பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்குது. பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? வேற யாரையாவது உக்கார வையுங்க." நாங்கள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். அவர் வரவில்லை. அன்று மாலை அவருடைய நாற்காலியில் வேறொருவர் அமர்ந்தார்.

அந்த நாற்காலி எங்கள் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. ஊருக்கெல்லாம் உப்பிடும் கால்கள் அவை. நாடு நகரமெல்லாம் உண்ணும் சோற்றில் சுவையாக இருப்பது அந்தக் கால்கள் மிதித்த பாத்தியிலிருந்து வந்தது. அந்தக் கால்களை நீட்டுவதற்கு ஒரு தாய் வெட்கப்பட வேண்டுமா? வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் அல்லவா? இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததுதான் இன்று உங்கள் முன் வைத்திருக்கும் இந்தச் சிறிய சிமிழ்.

நம் ஊரின் உப்பு நேற்று வந்ததன்று. சிறுபாணாற்றுப்படை என்னும் சங்க நூல் ஓய்மானாட்டு நல்லியக்கோடனைப் பாடுகிறது. அதில் வரும் எயிற்பட்டினம் நம் மரக்காணமே என்று அறிஞர்கள் கருதுகின்றனர். இன்றைக்கும் தூத்துக்குடி, வேதாரணியம் ஆகிய ஊர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் உப்பு ஊர் நம்முடையது. தை மாதம் பாத்தி திருத்தத் தொடங்கினால், வடகிழக்குப் பருவமழை வந்து கலைக்கும் வரை வேலை. மழை இறங்கிவிட்டால் அளமும் ஓய்ந்துவிடும், வருமானமும் ஓய்ந்துவிடும்.

இந்த வேலையில் தோலுக்கு என்ன நேர்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த நீர் பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் நாம் வாரும் உப்பு பாத்தியில் படியத் தொடங்குகிறது. ஆகவே நம் கால்கள் நிற்பது கடல் நீரில் அன்று. அதைப் போலப் பல மடங்கு கடுமையான நீரில். பாத்தியின் அடிமண் இறுகுவதற்காக வெறுங்காலோடு மிதிக்கிறோம். உப்பை வாரும்போது பலகையின் கைப்பிடி உள்ளங்கையைத் தேய்க்கிறது. கூடையைத் தலையில் ஏற்றினால் வழியும் நீர் கழுத்திலும் தோளிலும் இறங்குகிறது. மேலே வெயில், கீழே வெண்மையான உப்பிலிருந்து எதிரடிக்கும் வெயில்.

நம் மேல்தோல் ஒரு செங்கற்சுவர் போன்றது என்று தோல் மருத்துவர்கள் விளக்குகிறார்கள். தோலின் அணுக்கள் செங்கற்கள். அவற்றுக்கு நடுவே இயற்கையாக உள்ள கொழுப்புப் பசை சாந்து. அந்தச் சாந்து இருக்கும் வரை உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகாது. வெளியிலிருக்கும் நஞ்சு உள்ளே வராது. கடும் உப்பு நீரும், உராய்வும், வெயிலும், அதன்பின் போடும் காரமான சோப்பும் சேர்ந்து அந்தச் சாந்தை அரித்துவிடுகின்றன. சாந்து போன சுவர் வெடிக்காமல் என்ன செய்யும்? வெடிப்புக்குள் மறுநாள் உப்பு நீர் இறங்கும்போது உண்டாகும் எரிச்சலை அளத்துக்குப் போகிறவர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இது நமக்கு மட்டும் உள்ள துயரமன்று. குஜராத்தில் கட்ச் சிறு ரண் என்னும் உவர்வெளியில் அகரியா மக்கள் உப்பு விளைவிக்கிறார்கள். அவர்கள் இறந்தபின் உடலை எரித்தாலும் உப்பில் ஊறிய பாதங்கள் மட்டும் எளிதில் வேகாது என்று அங்கே சொல்வார்கள். நாட்டின் மேற்குக் கோடியிலும் கிழக்குக் கரையிலும் உப்பு ஒன்றுதான், பாதமும் ஒன்றுதான்.

இனி, இந்தப் பாதத்துக்கு நாம் இதுவரை என்ன செய்துவந்தோம் என்று பார்ப்போம். பெட்டிக்கடையில் தொங்கும் சரத்திலிருந்து ஒரு பாக்கெட் கிழித்து வாங்குவோம். இரண்டு நாள் தடவுவோம். பாக்கெட் தெருவுக்குப் போகும். வெடிப்பு அப்படியே இருக்கும்.

அந்தப் பாக்கெட்டின் வரலாறு நம் பக்கத்து வரலாறுதான். புதுச்சேரியைத் தாண்டினால் கடலூர். அந்தக் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்பவர், செல்வந்தர் வாங்கும் பொருள் ஏழைக்கும் எட்ட வேண்டும் என்ற எண்ணத்தோடு 1970-களில் ஷாம்பு முதலியவற்றைச் சிறு பிளாஸ்டிக் உறைகளில் அடைத்து விற்கும் முறையைக் கொண்டுவந்தார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலோடு தொடங்கிய தொழில் அதை மூலைமுடுக்கெல்லாம் பரப்பியது. இதில் குறை சொல்ல நாங்கள் வரவில்லை. அன்றாடங்காய்ச்சிக்கு ஒரு முழுப் புட்டி வாங்கப் பணம் இராது. ஒரு ரூபாய் இருக்கும். அந்த ஒரு ரூபாய்க்கும் மதிப்புக் கொடுத்தது அந்த உறை. நல்ல எண்ணத்தில் பிறந்ததுதான். ஆனால் உள்ளிருப்பது தீர்ந்தபின் அந்த உறை என்ன ஆகும் என்பதை அன்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அது பல மெல்லிய அடுக்குகளை ஒட்டிச் செய்தது. அடுக்குகளைப் பிரித்து மறுபடி உருக்க வழியில்லாததால், பழைய பொருள் வாங்கும் கடைக்காரரும் அதைத் தொடமாட்டார். புட்டிக்கு ஒரு விலை உண்டு, உறைக்கு இல்லை.

ஆகவே அது சாக்கடைக்குப் போகிறது. சாக்கடையிலிருந்து வாய்க்காலுக்கு, வாய்க்காலிலிருந்து உப்பங்கழிக்கு, கழியிலிருந்து கடலுக்கு. ஆந்திரக் கரையிலிருந்து இறங்கிவரும் பக்கிங்ஹாம் கால்வாய் முடிகிற இடம் நம் ஊர். 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஏரி நம் வாசலில் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்தப் பரப்பின் நீர் நம் கழி வழியாகத்தான் கடலைத் தேடிப் போகிறது. 2024 நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்தபோது நம் அளங்கள் ஏரியாயின. வெள்ளம் வடிந்தபின் வரப்புகளைப் பார்க்கப் போன நாங்கள் கண்டது என்ன? சேற்றில் பாதி புதைந்து, வெயிலில் மினுக்கிக்கொண்டு, நாம் கிழித்துப் போட்ட அதே உறைகள்! வேறு ஊர்க் குப்பையும் அதில் உண்டுதான். ஆனால் நம் பெட்டிக்கடைச் சரத்தில் தொங்கியவற்றை எங்களுக்கு அடையாளம் தெரியாதா?

கண்ணுக்குத் தெரிகிற உறையைப் பொறுக்கிவிடலாம். தெரியாமல் போவதை என்ன செய்வது? வெயிலிலும் உப்பு நீரிலும் கிடக்கும் பிளாஸ்டிக் நொறுங்கித் தூளாகிறது. தூள் இன்னும் நுண்தூளாகிறது. 2018-இல் பம்பாய் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், நம் நாட்டில் விற்கும் கடல் உப்பில் இந்த நுண்ணிய பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதைக் கண்டு வெளியிட்டார்கள். கடல் நீரைப் பாத்திக்கு விடுமுன் சாதாரண மணலில் வடிகட்டினால், எடைக் கணக்கில் 85 சதவீதத்துக்கு மேல் நீக்கிவிடலாம் என்றும் அவர்களே சொன்னார்கள். அது நம்பிக்கை தரும் செய்தி. அளத்துச் சொந்தக்காரர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. ஆனால் வடிகட்டுவதைவிட, போடாமல் இருப்பது எளிதல்லவா? காலில் தடவுவதற்காக வாங்கிய ஒன்றின் உறை, அந்தக் கால் மிதிக்கும் பாத்திக்கே திரும்பி வந்து, நம் பிள்ளைகளின் உலையில் விழுகிறது. நம் கையால் நம் தொழிலில் மண்ணைப் போட்டுக்கொள்கிறோம்.

சரி, நம் பாட்டிமார் என்ன செய்தார்கள்? அளத்துக்குப் போகுமுன் காலிலும் கையிலும் எண்ணெயைத் தடவிக்கொண்டு போனார்கள். வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி மறுபடி தடவினார்கள். விளக்கெண்ணெய், தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், கரையோரத்தில் புன்னைக்கொட்டை ஆட்டிய எண்ணெய் என்று எது இருந்ததோ அது. சித்த மருத்துவத்தில் குங்கிலிய வெண்ணெய் என்ற ஒன்று உண்டு. குங்கிலியத்தை நல்லெண்ணெயில் காய்ச்சி, தண்ணீர் விட்டுப் பலமுறை கடைந்து, வெண்ணெய் போலத் திரட்டுவார்கள். தீப்புண்ணுக்கும் வெடிப்புக்கும் போடும் மருந்து அது. குங்கிலியம் பொசுக்கென்று தீப்பற்றும் பொருளாதலால் அதை வைத்தியரிடமே வாங்கிக்கொள்ளுங்கள். அடுப்படியில் முயல வேண்டாம்.

மேல்நாட்டார் 'கோல்டு கிரீம்' என்று சொல்வதும் இதற்கு அண்ணன் தம்பி முறைதான். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென் என்னும் கிரேக்க மருத்துவர் தேன்மெழுகையும் ஒலிவ எண்ணெயையும் பன்னீரையும் சேர்த்துச் செய்ததே அதன் மூலம் என்பார்கள். ஆக, எண்ணெயும் மெழுகும் சேர்ந்தால் தோலுக்குக் காவல் என்பது கீழ்நாடும் மேல்நாடும் அறிந்த பழைய உண்மை.

இந்தப் பழைய உண்மையைத்தான் நாங்கள் அடுப்பில் ஏற்றினோம். எடுத்த எடுப்பிலேயே வெற்றி பெற்றோம் என்று சொன்னால் அது பொய்யாகும். மூன்று முறை தோற்றோம். அந்தத் தோல்விகளைச் சொல்வதுதான் உங்களுக்கு அதிகம் பயன்படும்.

முதல் முறை வெறும் தேங்காயெண்ணெயைச் சிமிழில் ஊற்றிக் கொடுத்தோம். தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரி வெப்பத்திலேயே உருகிவிடும். நம் ஊர் வெயிலில் அது என்றைக்கு உறைந்திருந்தது? மடியிலே வைத்த சிமிழ் ஒழுகிச் சேலையெல்லாம் எண்ணெயாயிற்று என்று ஏச்சு வாங்கினோம். தேன்மெழுகோ 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதைச் சேர்த்தால்தான் களிம்பு நிற்கும் என்று கற்றுக்கொண்டோம்.

இரண்டாம் முறை மெழுகையும் எண்ணெயையும் நேரே தீயில் வைத்தோம். புகைந்து, கருகி, வீடெல்லாம் நாற்றம். அடுப்புத் தீ நேரே படக்கூடாது என்று கற்றுக்கொண்டோம்.

மூன்றாம் முறை எங்களுக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. குளிர்ச்சிக்கு நல்லது என்று சோற்றுக் கற்றாழைச் சோற்றை அடித்துச் சேர்த்தோம். பார்க்க அழகாக, கடையில் வாங்கியது போலவே இருந்தது. ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிட்டது. அப்போதுதான் ஒரு பெரிய விஷயம் புரிந்தது. தண்ணீர் எங்கே இருக்கிறதோ அங்கே பூஞ்சைக்கும் கிருமிக்கும் வாழ்வு உண்டு. கடையில் விற்கும் கிரீம்களில் பெரும்பாலும் அதிகமாக இருப்பது தண்ணீர்தான். தண்ணீரும் எண்ணெயும் பிரியாமலிருக்க ஒரு மருந்து, கெடாமலிருக்க ஒரு மருந்து, மணக்க ஒரு மருந்து, அதைச் சுமந்து வர ஓர் உறை! தண்ணீரை நீக்கிவிட்டால் இவ்வளவும் வேண்டியதில்லை. வெறும் எண்ணெயும் மெழுகும் கெடாமல் மாதக்கணக்கில் நிற்கும். தோலுக்கு வேண்டிய தண்ணீரைக் குடத்திலிருந்து நேரே கொடுத்துவிட்டு, அது போகாமல் காக்க மேலே களிம்பைப் பூசினால் போதும்.

செய்முறை

வேண்டியவை: செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் 150 மில்லி, விளக்கெண்ணெய் 50 மில்லி, சுத்தமான தேன்மெழுகு 40 கிராம். அக்கினி நட்சத்திர வெயிலில் செய்வதானால் மெழுகை 50 கிராமாகக் கூட்டிக்கொள்ளலாம். தேன்மெழுகு நாட்டு மருந்துக் கடையிலோ காதிக் கடையிலோ கிடைக்கும். மெழுகுவர்த்தியைச் சீவிப் போட்டுவிடாதீர்கள்; அது வேறு மெழுகு. எண்ணெய் வாங்கச் செக்குக்குப் போகும்போது வீட்டுத் தூக்கைக் கொண்டு போங்கள். அங்கேயே ஓர் உறை மிச்சம்.

மணம் வேண்டுவோர் வெட்டிவேரைப் பயன்படுத்தலாம். கடலூர்க் கரை மணலில் விளையும் வேர் அது. நன்றாகக் காய்ந்த வேரில் ஒரு பிடியைத் தேங்காயெண்ணெயில் போட்டு, மூடி, ஒரு வாரம் வெயிலில் வைத்து வடிகட்டிக்கொள்ள வேண்டும். வேரில் ஈரம் இருக்கவே கூடாது.

ஓர் அகலப் பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்து, தீயைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஈரமில்லாத ஒரு சிறு பாத்திரத்தில் மெழுகைச் சீவிப் போட்டு, எண்ணெய்கள் இரண்டையும் ஊற்றி, அதைத் தண்ணீருக்குள் வையுங்கள். மெழுகு உருகும்வரை துடைத்த கரண்டியால் மெல்லக் கிளறுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே தெறிக்கக் கூடாது. உருகியதும் இறக்கி, ஒரு சொட்டை எவர்சில்வர்த் தட்டின் பின்புறம் விட்டுப் பாருங்கள். ஆறியபின் விரலால் தொட்டால் வெண்ணெய் போல வர வேண்டும். கெட்டியாயிருந்தால் சிறிது எண்ணெய். இளகியிருந்தால் சிறிது மெழுகு சேர்த்து மறுபடி உருக்கலாம். பின்பு சூட்டோடு சிமிழ்களில் ஊற்றி, ஆறும்வரை மூடாமல் வையுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து, அந்த நீர் உள்ளே சொட்டும்.

சிமிழுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். பாட்டி வைத்திருந்த பித்தளைக் குங்குமச் சிமிழ் பரணில் கிடக்கும். தைலம் தீர்ந்த சிறு கண்ணாடிப் புட்டி இருக்கும். ஒன்றும் இல்லையென்றால் நன்றாகத் தேய்த்து வழுவழுப்பாக்கிய சிறு கொட்டாங்குச்சி போதும். மேலே ஒரு துணியைக் கட்டிவிடலாம். எதுவானாலும் வெந்நீரில் கழுவி, வெயிலில் காய்ந்திருக்க வேண்டும். மேலே சொன்ன அளவில் ஏறத்தாழ 25 கிராம் கொள்ளும் சிமிழ்கள் ஒன்பது நிரம்பும்.

பூசும் முறை

வேலை முடிந்து வந்ததும் கைகால்களில் உள்ள உப்பு போக நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காலைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிட்டு, முற்றிய பீர்க்கங்காய் நாரால் மெல்லத் தேயுங்கள். கல்லில் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம். ஒற்றித் துடைத்து, தோலில் ஈரம் லேசாக இருக்கும்போதே களிம்பைப் பூசுங்கள். உலர்ந்த தோலில் பூசினால் பலன் பாதிதான். இரவில் பழைய பருத்தி வேட்டித் துணியைக் காலில் சுற்றிக்கொண்டு படுத்தால் பாயும் கெடாது; களிம்பும் நிற்கும். காலையில் வேலைக்குப் போகுமுன் கைக்கும் கணுக்காலுக்கும் மெல்லியதாகப் பூசலாம். உள்ளங்காலில் மட்டும் காலையில் பூசாதீர்கள், வரப்பில் வழுக்கும்.

எச்சரிக்கையாகச் சில சொற்கள். இது தோலுக்குக் காவல், நோய்க்கு மருந்தன்று. சீழ் பிடித்த புண், இரத்தம் கசியும் ஆழமான வெடிப்பு, வீக்கம், காய்ச்சல் இருந்தால் களிம்பைத் தொடாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் காலில் சிறு வெடிப்பு கண்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த களிம்பு உறையில் வந்தாலும் அதைத்தான் போட வேண்டும்; இதற்காக அதை நிறுத்தாதீர்கள். முதன்முதலில் பூசுகிறவர்கள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் இது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது. வெயிலைத் தடுக்கும் சக்தியும் இதற்கு இல்லை. தலைத்துண்டு கட்டாயம் வேண்டும்.

நாட்டு மருந்தெல்லாம் வெறும் நம்பிக்கைதானே என்று நம் இளைஞர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம்மைப் போலவே தென்னை வளரும் பிலிப்பீன்ஸ் நாட்டில், கரப்பான் போன்ற தோல் அழற்சியுள்ள 117 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சுத்தமான தேங்காயெண்ணெயும், மற்றதற்குப் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் தாது எண்ணெயும் எட்டு வாரம் பூசிப் பார்த்தார்கள். தேங்காயெண்ணெய் பூசிய குழந்தைகளுக்கே அதிகக் குணம் தெரிந்தது. 2014-இல் அந்த முடிவு வெளியாயிற்று. அது குழந்தைகளின் நோயைப் பற்றியது. அளத்து வெடிப்பைப் பற்றியதன்று. ஆயினும் பாட்டியின் கை வெறுமனே எண்ணெயைத் தேடவில்லை என்பதற்கு அது ஒரு சாட்சி.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இந்தச் சிமிழைக் காட்டி, "இனிமேல் தொழிலாளிக்குக் குறையில்லை" என்று எவரும் கைகழுவிவிடக் கூடாது. முழங்கால் வரை மறைக்கும் காலணியும், கையுறையும், குடிக்க நல்ல தண்ணீரும், ஒதுங்க ஒரு நிழலும், கால் கழுவ ஒரு குடம் நீரும் அளத்தில் இருக்க வேண்டும். எங்களில் பலர் வேலை செய்த இடங்களில் கால் கழுவும் தண்ணீருக்கே கெஞ்ச வேண்டியிருந்தது. களிம்பு அந்த உரிமைக்கு மாற்றாகாது. களிம்பையும் பூசுவோம்; தண்ணீரையும் கேட்போம்.

அவ்வாறே, ஒன்பது சிமிழால் கடல் சுத்தமாகிவிடும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. மஞ்சப்பையை மீண்டும் கையிலெடுக்கச் சொல்லி 2021 டிசம்பரில் அரசு இயக்கம் தொடங்கியது. சட்டம் பையைப் பார்த்துக்கொள்ளட்டும். சரத்தில் தொங்கும் உறையை நாம் பார்த்துக்கொள்வோம். 2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிய 'இறைவா உமக்கே புகழ்' என்னும் திருமடல், பிளாஸ்டிக்கைக் குறைப்பது போன்ற அன்றாடச் சிறு செயல்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பெரியவர்கள் சிறியவற்றை மறக்கவில்லை. நாம் ஏன் மறக்க வேண்டும்?

இனி எங்கள் ஏற்பாடு. மாதத்தில் ஒரு நாள், வழிபாட்டுக்குப் பின் பங்கு மனையின் பின்கட்டில் களிம்பு காய்ச்சுவோம். உங்கள் சிமிழை நீங்களே கொண்டு வர வேண்டும். சிமிழ் இல்லாதவருக்கு முதல் முறை நாங்கள் தருவோம். அடுத்த முறை அதையே கழுவிக் காயவைத்துக் கொண்டு வந்தால் நிரப்பித் தருவோம். எண்ணெய்க்கும் மெழுகுக்கும் ஆன செலவை மட்டும் பகிர்ந்துகொள்வோம். மதம், சாதி, தெரு என்ற வேறுபாடு கிடையாது. உப்பு எல்லாக் காலையும் ஒன்றுபோலத்தான் அரிக்கிறது. காய்ச்சக் கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகளும் வரலாம். ஆண் பிள்ளைகளும் வரலாம். அவர்களுக்கும் கால் உண்டல்லவா?

கடைசியாக அந்த நாற்காலிக்கு வருகிறோம். முதலில் காய்ச்சிய நல்ல களிம்பை நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தது அந்தத் தாயிடம்தான். "இதைப் போட்டா சரியாயிடுமா?" என்று கேட்டார். "முழுசா சரியாகுமான்னு தெரியாதுக்கா. போட்டுத்தான் பாருங்களேன்" என்றோம். ஒரு பருவம் முழுவதும் பூசினார். வெடிப்பு முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஆழம் குறைந்தது, எரிச்சல் குறைந்தது, இரவில் தூக்கம் வருகிறது என்றார். எங்களுக்கு அதுவே போதுமாயிருந்தது.

போன பெரிய வியாழனுக்கு முன் மறுபடி அவரைக் கேட்டோம். சற்று நேரம் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "வெடிப்பு இன்னும் இருக்குது. இருந்தா இருக்கட்டும். இது அளத்துக் கால்தானே, இதுக்கு என்ன வெக்கம்?" என்று சொல்லி வந்து அமர்ந்தார். அவர் காலில் தண்ணீர் விழுந்தபோது நாங்கள் பின்வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் கண்ணிலும் உப்பு நீர்தான்.

ஊருக்கெல்லாம் உப்பிடும் கைகளைக் காப்போம். அந்த உப்பு விளையும் கழியையும் காப்போம். ஒரு சிமிழ் அதற்குத் தொடக்கமாக இருக்கட்டும்.